உமிச் சாம்பலும் சிமெண்டும்

(தாம்பரத்தில் கட்டட வேலைத் தோழர்களும் வீடு கட்டுவோரும் கூடியிருந்த ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டுமென்று கேட்டுக் கொள்ளப்பட்ட விஷயம் சாம்பலைப் பற்றியதாகும். சாம்பல் என்றவுடனே உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். நெற்றியில் பூசும் சாம்பலைப் பற்றித்தான் இவன் ஏதோ சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்துச் சிரிக்கிறீர்கள் போலும். அந்தச் சாம்பலைப் பற்றி நம் இயக்கத்தார் வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. இன்று நான் பேச வந்தது, வீட்டுத் தளத்திலும் தூணிலும் போடக் கூடிய சாம்பலைப் பற்றியாகும். அதாவது, நெல் அரைத்த பின் மிஞ்சும் உமியையும், கரும்பைப் பிழிந்த பின் மிஞ்சும் சக்கையையும் எரித்தால் வரும் சாம்பலை, கான்கிரீட்டில் சிமெண்டுக்குப் பதிலாக ஒரு பங்கு சேர்க்கலாமா, சேர்த்தால் நன்மையா தீமையா என்பதே விஷயம்.

நான் இஞ்சினீயர் அல்ல. இதில் அறிந்தவர்கள் எழுதியவற்றைப் படித்தும், வேலை செய்கிறவர்களிடம் கேட்டும் எனக்குச் சரி என்று பட்டதையே சொல்லப் போகிறேன். ஆதலால் நான் சொல்லுவதை நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் ஒரு வசதி என்னவென்றால், மற்ற எத்தனையோ விஷயங்களைப் போல் செத்த பிறகுதான் உண்மை தெரியும் என்று சொல்லுவதற்கு இதில் இடமில்லை. 28 நாள் பொறுத்தால் போதும். உண்மை தானாகத் தெரிந்துவிடும். அது எப்படி என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

தோழர்களே! நம் ஜனங்கள் வீடு கட்ட ஆரம்பிக்கும்போது என்ன செய்கிறார்கள் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். மனையடி சாஸ்திரம் பார்க்கிறார்கள். நல்ல நாள், நல்ல நேரம் பார்க்கிறார்கள். வாசல் எந்தத் திக்கில் இருக்க வேண்டும் என்று பணம் கொடுத்துக் கேட்கிறார்கள். கட்டடம் எழும்பினால் திருஷ்டிக்குப் பூசணிக்காய் கட்டித் தொங்க விடுகிறார்கள். ஆனால் தளம் போடுகிற அன்று கலவையில் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றப்படுகிறது என்று பார்க்கிறவர் எத்தனை பேர்? மூட்டையின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்கிறவர் எத்தனை பேர்? போட்ட தளத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் கட்டினார்கள் என்று எண்ணுகிறவர் எத்தனை பேர்? ஆயுளெல்லாம் சம்பாதித்ததையும், அதற்கு மேல் கடன் வாங்கியதையும் கொட்டுகிற காரியத்தில், பிரயோஜனமில்லாததற்கு இவ்வளவு கவலையும் பிரயோஜனமுள்ளதற்கு இவ்வளவு அலட்சியமும் இருக்குமானால், அந்த வீடு பத்து வருஷத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழுவதற்கு யாருடைய கண் திருஷ்டியைக் குற்றம் சொல்லுவது?

நிற்க. முதலில் சிமெண்டு என்பது என்ன என்று பார்ப்போம்.

சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து அரைத்து, பெரிய உருளைச் சூளையில் சுமார் 1,450 டிகிரி சூட்டில் சுட்டால் கட்டி கட்டியாக ஒரு பொருள் வருகிறது. அதற்குக் கிளிங்கர் என்று பெயர். அதைக் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் அதுதான் சிமெண்டு. இங்கிலாந்து தேசத்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்கிற ஒரு செங்கல் கொத்தனார் 1824-ல் இதற்குப் போர்ட்லண்ட் சிமெண்டு என்று பெயரிட்டு உரிமை வாங்கினார். எந்த ரிஷியும் தவம் செய்து கண்டுபிடித்ததல்ல. கையில் கரண்டி பிடித்த ஒரு தொழிலாளியின் முயற்சி என்பதைக் கட்டட வேலைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். நம் சென்னையிலேயே 1904-ல் கடல் சிப்பியைக் கொண்டு சிமெண்டு செய்து பார்த்தார்கள். இன்று அரியலூர்ப் பக்கம் பூமியை வெட்டி வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக் கல்தான் நம் வீடுகளாக நிற்கிறது.

இதில் இரண்டு சங்கடங்கள் இருக்கின்றன. ஒன்று, விலை. மற்றொன்று, அந்தச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தும், எரிக்கிற நிலக்கரியிலிருந்தும் கரியமில வாயு வெளிவருகிறது. ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் 800 கிலோ வாயு வெளியாகிறது. உலகத்தில் மனிதன் வெளிவிடச் செய்யும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டினால் மாத்திரமே வருகிறது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். பூமியின் சூடு ஏறுவதற்கு இந்த வாயு ஒரு காரணம். சூடு ஏறினால் மழை தவறுவதும், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுவதும் அதிகமாகிறது. ஆகவே சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து, அதே பலத்தை வேறு பொருளால் பெற முடியுமானால், அது யோசிக்கத் தக்க காரியமா அல்லவா?

இப்படி வேறு பொருளைச் சேர்ப்பது புதிய காரியமும் அல்ல. இத்தாலி தேசத்தில் பொசுவோலி என்னும் ஊருக்குப் பக்கத்தில் எரிமலை கக்கிய சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து ரோமர்கள் கட்டிய கட்டடங்கள் ஏறக்குறைய 2,000 வருஷம் ஆகியும் நிற்கின்றன. நம் நாட்டில் செங்கல்லை இடித்துப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்தார்கள். அதற்குச் சுர்க்கி என்று பெயர். 1895-ல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பட்டதுதான். ஆனால் முன்னோர் செய்தார்கள் என்பதற்காக இதை ஏற்றுக் கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. முன்னோர் செய்த காரியத்தில் காரணம் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. சுர்க்கி விஷயத்தில் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் என்ன என்பதுதான் நமக்கு வேண்டியது.

காரணம் இதுதான். சிமெண்டில் தண்ணீர் விட்டவுடன் இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, மணலையும் ஜல்லியையும் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும் பசை போன்ற பொருள். பலம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. மற்றொன்று, வெறும் சுண்ணாம்பு. அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். இந்தச் சுண்ணாம்புக்குப் பெரிய பலமில்லை. தண்ணீர் பட்டால் நாளடைவில் கரைந்து வெளியே வரும். தளத்தில் ஒழுகுகிற இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்களே, பெரும்பாலும் அதுதான். இந்தச் சும்மா கிடக்கும் சுண்ணாம்போடு, சிலிகா என்னும் மணற்சத்து மிக நைசான மாவாகச் சேருமானால், இரண்டும் கூடி மறுபடியும் அந்தப் பசைப் பொருளாகவே மாறிவிடுகிறது. அதாவது, சோம்பேறியாக இருந்ததற்கு வேலை கொடுத்துப் பாடுபட வைத்ததாக ஆகிறது. அதோடு உள்ளே இருக்கும் சின்னஞ் சிறு துவாரங்களும் அடைபடுகின்றன.

இந்த மணற்சத்து எங்கே கிடைக்கும் என்று கேட்டால், நம் நெல் உமியில் கிடைக்கிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து இந்தச் சத்தை உறிஞ்சி உமியில் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கிறது. உமியை மாடு விரும்பித் தின்பதில்லை; எளிதில் மக்குவதுமில்லை. நம் தாய்மார்கள் உமிக்கரியால் பல் விளக்கியதும், சாம்பலால் பாத்திரம் துலக்கியதும் எதனால்? அதில் தேய்க்கும் குணமுள்ள மணற்சத்து இருப்பதனால்தான். ரசாயனம் படிக்காத கிராமத்துப் பெண்கள் அனுபவத்தால் கண்டதை, படித்தவர்கள் பிற்பாடு அளந்து கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கு என்னவென்றால், ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி. அந்த உமியை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு வரை சிலிகா. வேறு எந்தப் பயிரின் கழிவுச் சாம்பலிலும் இவ்வளவு கிடைப்பது அரிது. "உமி குத்திக் கை நொந்தது" என்று பழமொழி சொல்லுவார்கள். உமியை எரித்துச் சாம்பலைக் குத்தியிருந்தால் கை நொந்ததற்குக் கூலி கிடைத்திருக்கும்!

ஆனால் தோழர்களே, இங்கேதான் நீங்கள் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும். சாம்பல் என்று பெயர் வைத்ததெல்லாம் ஒன்றாகி விடாது. சுமார் 700 டிகிரிக்கு மேற்போகாத சூட்டில், நல்ல காற்றோட்டத்தில் எரித்தால் உமியிலுள்ள சிலிகா சுண்ணாம்போடு சேரும் குணமுள்ளதாக இருக்கிறது. சூடு அதற்கு மேல் ஏறி, அதிக நேரம் எரிந்தால் அந்தச் சிலிகா படிகமாகக் கட்டிக் கொண்டு, வெறும் மணலைப் போல் ஆகிவிடுகிறது; பிறகு அது எதனோடும் சேராது. காற்று போதாமல் எரிந்தாலோ சாம்பல் கறுப்பாக வரும். கறுப்பு என்பது எரியாமல் நின்ற கரி. கரி தண்ணீரைக் குடிக்கும், பலம் தராது. இவையெல்லாம் சரியாக இருந்தாலும், சிமெண்டைப் போல் அல்லது அதைவிட நைசாக அரைக்காவிட்டால் பிரயோஜனமில்லை. ஆகவே எரிப்பது ஒரு வித்தை, அரைப்பது ஒரு வித்தை, அளப்பது ஒரு வித்தை. மூன்றும் சேர்ந்தால்தான் அது கட்டடப் பொருள். இல்லாவிட்டால் அது குப்பை.

இதை ஆராய்ந்து சொன்னவர்கள் நம்மவர்களும்தான். அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலையில் இருந்த குமார் மேத்தா என்னும் இந்தியர் உமிச் சாம்பல் சிமெண்டைப் பற்றி ஆராய்ந்து 1978-ல் அந்நாட்டில் உரிமை பெற்றார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் உமிச் சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்த்து அரைத்து, அஷ்மோ என்ற பெயரில் கிராமங்களில் செய்யத்தக்க ஒரு பொருளை உண்டாக்கினார்கள். நமக்கு அடுத்தாற்போல் கிண்டிக்குப் பக்கத்திலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் பஹுருதீன், மனு சந்தானம் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் கரும்புச் சக்கைச் சாம்பலை எடுத்துக் கொண்டு ஆராய்ந்து 2015-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆலையிலிருந்து வருகிற சாம்பலை அப்படியே போட்டால் அதிலுள்ள எரியாத நார் கெடுதல் செய்கிறது. 300 மைக்ரான் சல்லடையில் சலித்து நாரை நீக்கி, சிமெண்டு அளவுக்கு நைசாக அரைத்துச் சேர்த்தால் நல்ல குணம் தருகிறது என்று கண்டார்கள். நூற்றுக்கு 5 முதல் 25 பங்கு வரை சிமெண்டுக்குப் பதிலாகச் சேர்த்துச் சோதித்ததில், பலம் ஒத்து வந்ததோடு, உப்பு உள்ளே ஊடுருவுவதும் குறைந்தது. கரும்புச் சக்கைச் சாம்பல் எங்கோ தூர தேசத்துப் பொருளுமல்ல. தாம்பரத்திலிருந்து தெற்கே போகிற ரோட்டில், படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். உமியோ, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், ஆரணி, செங்குன்றம் ஆகிய இடங்களிலுள்ள அரிசி ஆலைகளில் கிடைப்பதேயாகும்.

இனி, இதற்குச் சொல்லப்படும் ஆக்ஷேபணைகளைப் பார்ப்போம்.

முதல் ஆக்ஷேபணை: "சிமெண்டில் சாம்பலைக் கலப்பதா? அது கலப்படமல்லவா? என் வீட்டுக்குச் சுத்தமான சிமெண்டுதான் வேண்டும்" என்பது. சுத்தம் என்ற வார்த்தை எங்கே வந்தாலும் நாம் சற்று நின்று விசாரிக்க வேண்டும். அந்த வார்த்தையைக் கொண்டு நம்மை எத்தனையோ காலம் ஏமாற்றியிருக்கிறார்கள். இவர் வாங்கி வந்த மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். பி.பி.சி. என்று அச்சடித்திருந்தால், அதில் பெரும்பாலும் அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்த சாம்பல், சர்க்கார் விதிப்படியே நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை கலந்திருக்கிறது. அதாவது, சாம்பல் கூடாது என்கிறவர் சாம்பல் வீட்டிலேயே குடியிருக்கிறார்! அந்த வீடும் நன்றாகத்தான் நிற்கிறது. தெரியாமல் கலந்தால் சுத்தம், தெரிந்து கலந்தால் அசுத்தம் என்பது என்ன நியாயம்? சொல்லாமல் கலப்பதுதான் கலப்படம். சொல்லி, அளந்து, சோதித்துச் சேர்ப்பது தொழில்.

இரண்டாவது ஆக்ஷேபணை: "சட்டம் இடங்கொடுக்காது" என்பது. கான்கிரீட் வேலைக்கு இந்நாட்டில் உள்ள விதிப் புத்தகமான ஐ.எஸ். 456, அதன் 2000-ம் ஆண்டுப் பதிப்பில், உமிச் சாம்பலைப் பெயர் சொல்லியே அனுமதித்திருக்கிறது. ஆனால் வேண்டிய குணமும், மூட்டைக்கு மூட்டை மாறாத தன்மையும் உள்ளதாக இருக்க வேண்டும் என்றும், பொறுப்புள்ள அதிகாரியின் சம்மதத்தோடு சேர்க்க வேண்டும் என்றும் நிபந்தனை போட்டிருக்கிறது. ஓரிடத்துச் சாம்பலைச் சோதிக்காமல் போட்டால் கான்கிரீட்டுக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்று எச்சரித்தும் இருக்கிறது. இது நியாயமான நிபந்தனைதான்.

மூன்றாவது ஆக்ஷேபணை: "பலம் இருக்குமா?" என்பது. இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இதற்குப் பதில், உண்டு என்று நான் சொல்லுவதோ இல்லை என்று வேறொருவர் சொல்லுவதோ அல்ல. 15 சென்டிமீட்டர் அளவுள்ள இரும்பு அச்சுகளில் அதே கலவையைப் போட்டுக் கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் ஊற வைத்து, 28-ம் நாள் எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தால், எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று முள் காட்டிவிடும். எம் 20 என்கிற கலவையானால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்க வேண்டும். சாம்பல் சேர்க்காத கட்டிகளையும், 10 பங்கு சேர்த்த கட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உடைத்துப் பாருங்கள். எந்திரத்துக்கு ஜாதியில்லை, மதமில்லை, இஞ்சினீயர் சொன்னார் என்ற தாட்சண்யமும் இல்லை, சித்தாள் சொன்னாள் என்ற இளக்காரமும் இல்லை. இப்படிச் சோதிக்கும் கூடங்கள் வண்டலூர், காட்டாங்குளத்தூர்ப் பக்கத்து இஞ்சினீயரிங் காலேஜுகளில் இருக்கின்றன. இவ்வளவு கிட்ட இருந்தும் ஜோசியர் வீட்டுக்குப் போகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூட அங்கே போகாமலிருப்பது யாருடைய குற்றம்?

அன்றியும், இந்த விஷயம் நம் பக்கத்துக்கு ஏன் முக்கியம் என்பதையும் சொல்லுகிறேன். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்ட காலத்தில் இது பெரும்பாலும் ஏரியும் வயலுமாக இருந்த பிரதேசம். இன்று 2021 முதல் இது ஒரு மாநகராட்சி. சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம், முடிச்சூர் எங்கும் நெல் விளைந்த நிலத்தில் வீடு விளைந்திருக்கிறது. தாழ்ந்த நிலத்தில் கட்டினால் தண்ணீர் வரும் என்பதற்கு 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் பட்ட பாடே சாட்சி. பள்ளிக்கரணைச் சதுப்பைத் தாண்டிக் கிழக்கே கடற்கரையை நெருங்க நெருங்க நிலத்தடி நீரிலும் காற்றிலும் உப்பு அதிகம். ஈரமும் உப்பும் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் கான்கிரீட்டை உடைத்துக் கொண்டு வெளிவரும். இதுதான் தளத்தின் அடியில் காரை பெயர்ந்து தலையில் விழுவதின் ரகசியம். ஒழுங்காகச் செய்த சாம்பல் கான்கிரீட்டில் துவாரம் குறைவாக இருப்பதால், ஈரமும் உப்பும் கம்பியிடம் போய்ச் சேர அதிக காலம் பிடிக்கிறது. ஆகவே நமக்கு இதில் பெரிய லாபம், மூட்டைக்கு நாலு காசு மிச்சம் என்பதல்ல. வீடு நீண்ட நாள் நிற்கும் என்பதேயாகும்.

கல்லுக்காக நம் பக்கத்து மலைகள் பட்ட பாட்டையும் பாருங்கள். பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் புட் என்னும் வெள்ளைக்காரர் ஆதிமனிதன் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். அதாவது, நம் பக்கத்தில் மனிதன் கல்லைக் கொண்டு பிழைத்த சரித்திரம் அவ்வளவு பழையது. ஆனால் அந்த ஆதிமனிதன் கல்லில் கத்தி செய்தான். நாமோ திரிசூலத்திலும் பம்மலிலும் மலையையே ஜல்லியாக்கிவிட்டுப் பள்ளத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக் கொண்டிருக்கிறோம். சாம்பல் சேர்ப்பதால் ஜல்லி குறையாது. அது வேறு விஷயம். கட்டடத்தின் ஆயுள் இரட்டித்தால், இடித்துக் கட்டுவது குறைந்து, மலையும் அவ்வளவு காலம் தப்பும் என்பதற்காகச் சொல்லுகிறேன்.

இனிக் கவனிக்க வேண்டிய அபாயங்களைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு வைத்தியப் பொடி விற்கிறவனைப் போல் ஆகிவிடுவேன்.

ஒன்று: அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து கொட்டிய சாம்பலை ஒரு வண்டி வாங்கி வந்து, மேஸ்திரியிடம் கொடுத்து, பாண்டுக்கு இவ்வளவு என்று அள்ளிப் போடச் சொல்லுவது பெரிய மோசம். அந்தச் சாம்பல் எந்தச் சூட்டில் எரிந்தது, எவ்வளவு கரி இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அப்படிச் செய்கிற ஒருவர் தளம் விரிந்தால் சாம்பலைத் திட்டுவார். திட்ட வேண்டியது சாம்பலையல்ல.

இரண்டு: உமிச் சாம்பல் பஞ்சு போல் துவாரமுள்ளது, தண்ணீரை இழுக்கும். கலவை இறுகிப் போய்விட்டதென்று இன்னும் இரண்டு குடம் ஊற்றினால் பலமெல்லாம் தண்ணீரோடு போய்விடும். இளக்கம் வேண்டுமானால் அதற்கென்று உள்ள மருந்தை அளவாகச் சேர்க்க வேண்டுமேயொழிய, தண்ணீர் சேர்க்கக் கூடாது.

மூன்று: சாம்பல் சுண்ணாம்போடு சேரும் வேலை மெதுவாக நடக்கிற வேலை. ஆதலால் தண்ணீர் கட்டி ஆற வைப்பதில் அவசரம் கூடாது. சாதாரண சிமெண்டுக்கே 7 நாள் வேண்டும். சாம்பல் கலந்ததற்குக் குறைந்தது 10 நாள் என்றும், உஷ்ணமான காலத்தில் 14 நாள் நல்லதென்றும் விதிப் புத்தகமே சொல்லுகிறது. நம் சித்திரை வெயிலில் 14 நாள் என்றே வைத்துக் கொள்ளுங்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். சாக்கை நனைத்துப் போட வேண்டும். சென்ட்ரிங் பலகையை வாடகைக்குப் பயந்து முன்கூட்டிப் பிரிக்கக் கூடாது.

நான்கு: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சாம்பலை அரைக்கிறவர்களும் கொட்டுகிறவர்களும் சுவாசிக்கிற தூசு நுரையீரலைக் கெடுக்கும். அதிகச் சூட்டில் எரிந்து படிகமான சிலிகாத் தூசு சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தரும், புற்றுநோய்க்கும் காரணமாகும். முகமூடி இல்லாமல், முந்தானையை மூக்கில் கட்டிக் கொண்டு வேலை செய்யும் சித்தாள் பெண்களை நினைத்துப் பாருங்கள். பூமியின் சூட்டைக் குறைக்கிறோம் என்று சொல்லிக் கொண்டு ஒரு ஏழைப் பெண்ணின் மூச்சைக் குறைப்போமானால், அது மனிதத் தன்மையாகாது. மூடிய எந்திரத்தில் அரைத்து, மூட்டையில் அடைத்து, நனைத்துக் கையாண்டு, தக்க முகமூடி கொடுத்துச் செய்ய வேண்டும். அந்தச் செலவைச் செய்ய முடியாதென்றால் அந்தத் தொழிலே வேண்டாம்.

தோழர்களே! இனி அளவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 1,000 சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை சிமெண்டு செலவாகும் என்று பொதுவாகக் கணக்குச் சொல்லுவார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 மூட்டை, 2 டன் சிமெண்டைச் சாம்பலால் மாற்றுவதாக வைத்துக் கொள்ளுங்கள். 2 டன் சாம்பலுக்கு 50 டன் நெல்லின் உமி வேண்டும். ஏக்கருக்கு 2 டன் விளைந்தால், 25 ஏக்கரின் ஒரு போக உமி ஒரு வீட்டுக்குச் சரியாகப் போகிறது. நாடு முழுவதுக்கும் பாருங்கள். சில வருஷங்களாக இந்தியாவில் வருஷம் 13 கோடி டன்னுக்கு மேல் அரிசி விளைகிறது. அதற்குரிய உமி முழுவதையும் ஒரு பிடி விடாமல் ஒழுங்காக எரித்தாலும் 80 லட்சம் டன் அளவில்தான் சாம்பல் கிடைக்கும். சிமெண்டோ வருஷம் சுமார் 40 கோடி டன் செய்யப்படுகிறது. ஆகவே உமிச் சாம்பல் நூற்றுக்கு 2 பங்குக்குத்தான் ஈடாகும். இது சர்வரோக நிவாரணி அல்ல. ஆனால் சர்வரோக நிவாரணி அல்லாத காரணத்தால் ஒரு நல்ல மருந்தை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. உப்பும் ஈரமும் உள்ள இடத்தில், சாம்பல் அருகில் கிடைக்கும் இடத்தில், அதை உபயோகிப்பதே அறிவுடைமை.

அப்படி உபயோகிக்கும்போது லாபம் யாருக்கு என்ற கேள்வியையும் இப்போதே கேட்டு வைக்க வேண்டும். இன்று ஆலைக்காரர் சாம்பலை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் இருக்கிறார். அது பக்கத்து வயலிலும் குளத்திலும் பறந்து விழுகிறது. நாளைக்கு அதற்கு விலை வந்துவிட்டால், விளைவித்த விவசாயிக்கு ஒரு காசும் இல்லாமல், தூசு குடித்த தொழிலாளிக்கு ஒரு காசும் இல்லாமல், நடுவில் இருப்பவர் தின்றுவிடக் கூடாது. விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களும் கூட்டுறவு ஆலைகளுமே இந்தச் சாம்பலைப் பக்குவப்படுத்தும் வேலையை எடுத்துக் கொண்டால், லாபமும் அவர்களிடமே நிற்கும்.

செய்ய வேண்டியது என்ன? எடுத்த எடுப்பில் உங்கள் வீட்டுத் தளத்தில் போட்டுப் பரீட்சை செய்ய வேண்டாம். முதலில் நடைபாதைக் கல், சாக்கடை ஓரக் கல், சுற்றுச் சுவர்க் கட்டி ஆகியவற்றில் செய்யட்டும். மாநகராட்சி போடுகிற நடைபாதையில் ஒரு தெருவுக்குச் சாம்பல் கல்லும், அடுத்த தெருவுக்குச் சாதாரணக் கல்லும் போட்டு, ஐந்து மழைக்காலம் பார்க்கட்டும். கட்டிகளைக் காலேஜில் உடைத்து, கணக்கை ஜனங்கள் பார்க்கும்படி சுவரில் ஒட்டட்டும். தேறினால் மேலே போவோம். தேறாவிட்டால் ஏன் தேறவில்லை என்று பார்ப்போம். வீடு கட்டுகிறவர்கள் மூட்டையிலுள்ள எழுத்தைப் படியுங்கள்; கட்டி வார்த்து உடைத்துப் பாருங்கள்; தண்ணீர் விடுகிற நாட்களைச் சுவரில் கரியால் எண்ணி எழுதுங்கள். கொத்தனார் தோழர்களே, "இஞ்சினீயர் சொன்னார், நான் போட்டேன்" என்று நிற்காமல், ஏன் என்று கேளுங்கள். சிமெண்டுக்குப் பெயர் வைத்தவரே ஒரு கொத்தனார் என்பதை மறந்து விடாதீர்கள். உங்கள் கையிலுள்ள அறிவு எந்தப் புத்தகத்திலுள்ள அறிவுக்கும் குறைந்ததல்ல. ஆனால் அதை அளந்து பார்க்கும் பழக்கம் உங்களுக்கு வர வேண்டும்.

இதுவரை நான் சொன்னவற்றில் உங்கள் அறிவுக்கும் அனுபவத்துக்கும் பொருத்தமானதை எடுத்துக் கொள்ளுங்கள், பொருந்தாததைத் தள்ளிவிடுங்கள். சந்தேகமுள்ளதை 28 நாள் தண்ணீரில் ஊற வைத்து உடைத்துப் பாருங்கள் என்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறேன்.